எதையும் தொடாத அறை

ஜூன் 9, திங்கள்

மாத்திரை, நடை, கீரை. பத்து மணிக்கு மஸ்தான் பாய் போன் செய்தார். நான் ஓய்வுபெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கம்பெனி ஆட்களில் இன்னும் என் எண்ணை வைத்திருப்பவர் இந்த பைப் ஃபிட்டர் ஒருவர்தான். சாலிகிராமத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்குத் தீயணைப்புத் துறை நோட்டீஸ் கொடுத்திருக்கிறதாம். ஜூலை பதினைந்துக்குள் கூரையில் ஸ்பிரிங்க்ளர், அதாவது தண்ணீர் தெளிப்பான், போட்டாக வேண்டும், இல்லையென்றால் பூட்ட வேண்டும். பெரிய கம்பெனிகள் இவ்வளவு சிறிய வேலைக்கு வருவதில்லை. “டிராயிங் நீங்க போட்டுக் குடுங்க சார், பைப்ப நான் ஏத்திடறேன்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முப்பத்துநான்கு வருடம் நான் செய்தது மேசை வேலை. எத்தனை தெளிப்பான், எந்தக் குழாய் எவ்வளவு பருமன், தண்ணீருக்கு என்ன அழுத்தம் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பேன். வாடிக்கையாளரைப் பார்க்க வேறு ஆட்கள் போவார்கள். நான் பேசினால் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று மேலாளர் ஒருமுறை சொன்னார், அன்பாகத்தான்.

முடியாது என்று சொல்வதற்காக மாலையில் போன் செய்தேன். சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூன் 11, புதன்

ஸ்டூடியோவைப் பார்த்தேன். கீழே ஒரு அச்சகம், மாடியில் இவர்கள். உரிமையாளர் அமிர்தகௌரி என்கிற அம்மையார், வயது அறுபத்தொன்று. சினிமாக் கம்பெனி ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பல வருடம் உதவியாளராக இருந்து, சேர்த்த சம்பளத்தில் இருபத்தேழு வருடத்துக்கு முன் இதைக் கட்டியிருக்கிறார். திருமணம் செய்துகொள்ளவில்லை என்று மஸ்தான் பாய் சொன்னார். நான் கேட்கவில்லை.

மூன்று அறைகள். அவற்றில் பெரிய அறைதான் விசேஷம். அறைக்குள் அறையாகக் கட்டியது. கனமான இரண்டு கதவுகளைத் தாண்டி உள்ளே போனதும் காதை யாரோ பொத்தியதுபோல் இருந்தது. அவர் சுவரைத் தட்டிக் காட்டி விளக்கினார்.

“இந்த ரூம் இந்தக் கட்டடத்த எங்கயும் தொடல சார். தரை ரப்பர் மேல நிக்குது, சுவரு அந்தத் தரை மேல நிக்குது, சீலிங் அந்தச் சுவரு மேல உக்காந்திருக்கு. கீழ பிரஸ் ஓடுது, தெருவுல தண்ணி லாரி போவுது, ஒண்ணும் உள்ள வராது. ஒரே ஒரு ஆணி ரெண்டு பக்கமும் தொட்டாப் போதும், எல்லாம் வந்துடும்.”

இந்த அமைதிக்காகத்தான் ஆட்கள் இங்கே வருகிறார்களாம். புதிய ஸ்டூடியோக்களில் நல்ல இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் இப்படி ஓர் அறை இல்லை. இது போனால் தன்னிடம் விற்க ஒன்றும் இல்லை என்றார்.

ஆக, என் வேலை இது: சத்தத்துக்கு வழிவிடாமல் தண்ணீருக்கு மட்டும் வழிவிட வேண்டும். அமைதிக்கு ஒன்றும் ஆகாது மேடம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஜூன் 12, வியாழன்

அறைகளை அளந்தேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 14, சனி

பெரிய அறையை மறுபடி அளந்தேன். வியாழனன்று எழுதிய எண்ணில் ஒரு சென்டிமீட்டர் சந்தேகம்.

அமிர்தகௌரி அம்மையாருக்கு நிறையக் கேள்விகள். ஒரு அறையில் புகை வந்தால் எல்லாத் தெளிப்பான்களும் ஒன்றாகக் கொட்டி, மைக்கும் மேசையும் நாசமாகுமே என்றார். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். புகைக்குத் திறக்காது என்றேன். ஒவ்வொரு தெளிப்பானின் வாயிலும் சிவப்புத் திரவம் அடைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. அறுபத்தெட்டு டிகிரி சூடு வந்தால் அது உடையும். எது உடைகிறதோ அது மட்டும்தான் தெளிக்கும், பக்கத்தில் இருப்பது சும்மா இருக்கும். ஒரு மாதிரியைக் கையில் கொடுத்தேன். அவர் அதை விளக்குக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். “இவ்ளோ பொறுமையா இது எத்தன வருஷம் காத்துக்கிட்டிருக்கும்?” என்று கேட்டார். ஐம்பது வருடம் என்றேன். விதிப்படி அதன் பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை.

காபியில் சர்க்கரை இல்லாமல் கொடுத்தார். புதனன்று ஒருமுறை சொன்னது.

ஜூன் 15, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் பூங்கோதை பேசினாள். வேலைக்குப் போவது நல்லதுதான், தனியாக இருக்கிறீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அறையை இரண்டு முறை அளந்ததைச் சொன்னேன். “நம்ம வீட்டு அலமாரிக்கு ஒரு தடவ அளந்துட்டுத்தானப்பா தச்சாங்க?” என்றாள். அது வேறு, இது உயிர்ப் பாதுகாப்பு என்று விளக்கினேன். இன்னும் ஒருமுறை அளந்தாலும் தப்பில்லை.

ஜூன் 18, புதன்

இன்று ஒரு வெட்கமான காரியம் நடந்தது. எழுதிவைக்கிறேன்.

எச்சரிக்கை மணி உள்ளே கேட்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. மஸ்தான் பாய் கதவுக்கு வெளியே நடையில் நின்று மணியை அடித்தார், நானும் கௌரி அம்மையாரும் பெரிய அறைக்குள் இருந்தோம். அவர் காதுக்கே கேட்கவில்லை. அதனால் அறைக்கு ஒரு மினுக்கும் சிவப்பு விளக்கு என்று குறித்துக்கொண்டேன். அடுத்து, உள்ளே மாட்டிக்கொண்டவர் கத்தினால் வெளியே கேட்குமா என்பது. நீங்களே உள்ளே இருங்கள், நாங்கள் வெளியே கேட்கிறோம் என்று சொல்லிக் கதவுகளை மூடிவிட்டார்கள்.

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. என்ன கத்துவது என்றே தெரியவில்லை. காப்பாற்றுங்கள் என்று கத்தக் கூச்சமாக இருந்தது. கடைசியில் பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்தினேன், முடிந்தவரை பலமாக, பதினாறு வரை. வெளியே வந்து கேட்டதா என்றேன். மஸ்தான் பாய் கையை விரித்தார். ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லையாம்.

கௌரி அம்மையார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில், ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே மைக் திறந்திருந்திருக்கிறது. “பதினாறேழு நூத்திப்பன்னெண்டு. சரியாத்தான் சொன்னீங்க சார்” என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் வரும் வழியெல்லாம் இதே யோசனை. உள்ளே இருப்பவருக்கு வெளியே நெருப்பு என்று தெரியாது. வெளியே இருப்பவருக்கு உள்ளே ஒருவர் கத்துவது தெரியாது. நன்றாகக் கட்டிய அறை என்பதால்தான் இந்த ஆபத்து. அந்த அறையில் அவர் தினமும் பத்து மணி நேரம் இருக்கிறார்.

வரைபடத்தின் மேல் சிவப்பு மையில் எழுதினேன்: வெளிக் குழாய், உள் கூரை இரண்டையும் எந்த இரும்பும் சேர்த்துத் தொடக்கூடாது.

ஜூன் 20, வெள்ளி

சட்டை இரண்டு வாங்கினேன். பழையவற்றின் பை கிழிந்திருந்தது.

ஜூன் 23, திங்கள்

வேலை தொடங்கியது. காலை ஆறு முதல் ஒன்பது வரைதான், அதன் பிறகு பதிவு. தன்னை மேடம் என்று கூப்பிட வேண்டாம், கூச்சமாக இருக்கிறது என்று கௌரி அம்மையார் சொன்னார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்று முழுவதும் எதுவும் சொல்லாமல், அவர் திரும்பும்வரை காத்திருந்து பேசினேன். மஸ்தான் பாய் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா சார், பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க” என்றார்.

ஜூன் 27, வெள்ளி

பெரிய அறையின் கூரையில் இன்று நான்கு ஓட்டைகள். கௌரி அம்மையார் பார்க்க மாட்டேன் என்று சொல்லிக் கீழே அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தடிமனான குழாய், கட்டிடத்தின் தளத்திலிருந்து தொங்குகிறது. அதிலிருந்து வளையும் உலோகக் குழாய் ஒன்று தளர்வாக இறங்கி, உள் கூரையின் ஓட்டை வழியாகத் தெளிப்பானுக்கு வருகிறது. தெளிப்பான் உள் கூரையின் சட்டத்தில் மட்டுமே நிற்கும். ஓட்டையைச் சுற்றிக் கல்நார்ப் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்து, எப்போதும் இறுகாத ஒரு பசையைப் பூசுகிறோம். அதாவது இரண்டு பக்கமும் கைகுலுக்காமல் தண்ணீரை மட்டும் வாங்கிக்கொள்ளும். இதை அவரிடம் இப்படியே சொன்னேன். நன்றாக விளக்குகிறீர்கள் என்றார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஜூன் 30, திங்கள்

நான்கு தெளிப்பான்களும் ஏறிவிட்டன. கௌரி அம்மையார் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது ஒரு விரற்கடை வரிசை தப்பியிருக்கிறதே என்றார், சாதாரணமாகத்தான். உண்மை. அந்த இடத்தில் குளிர்காற்றுக் குழாய் குறுக்கே வருவதால் சட்டம் தள்ளி இருக்கிறது. தண்ணீர் தெளிப்பதற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

இரவு தூக்கம் சரியில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மூன்றாவதை வரிசைக்குக் கொண்டுவந்தோம். சட்டம் இல்லாத இடம் என்பதால் மேல் தளத்திலிருந்து ஒரு சிறிய இரும்புப் பட்டை இறக்கி, உள் கூரையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறோம். நடுவில் ரப்பர் வைத்தேன். “சார், இது டச் ஆவுதே” என்று மஸ்தான் பாய் கேட்டார். ரப்பர் இருக்கிறதே என்றேன். “அப்பால என்னியச் சொல்லாதீங்க” என்று முடுக்கிவிட்டார்.

நான்கும் இப்போது நூல் பிடித்தாற்போல் இருக்கின்றன. கௌரி பார்த்துவிட்டு, அட, நேராக்கிட்டீங்களே என்றார்.

ஜூலை 2, புதன்

குழாய்களில் தண்ணீர் நிரப்பினோம். ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. கீழே, நெருப்பு நேரத்தில் மட்டும் ஓடும் பெரிய பம்புக்குப் பக்கத்தில், சிறிய பம்பையும் இணைத்தாயிற்று. குழாயில் அழுத்தம் லேசாகக் குறையும்போதெல்லாம் அது தானாக ஓடி, அரை நிமிடத்தில் நின்றுவிடும். தூதுவளை வாங்கி வந்தேன், லேசான சளி.

ஜூலை 4, வெள்ளி

பெரிய அறையில் ஏதோ முனகுகிறது என்று கௌரி சொன்னார். அரை நிமிடம் வந்து போகிறதாம். எல்லோரும் உள்ளே போய் நின்றோம். எதுவும் வரவில்லை. நாங்கள் வெளியே வந்த பிறகு வந்தது என்றார். டப்பிங் பேச வந்திருந்த இரண்டு கலைஞர்களுக்கும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. ஆனால் என் காதுக்கு எழுபத்திரண்டு வயது, அதை ஒரு சாட்சியாகக் கொள்ள முடியாது.

ஜூலை 5, சனி

கௌரி ஒரு தாளை என்னிடம் கொடுத்தார். நேற்று முனகல் கேட்ட நேரங்கள்: 10.42, 1.15, 3.50. அவர் கையெழுத்து சிறியது, எண்கள் எல்லாம் ஒரே உயரம். பார்க்கிறேன் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பூங்கோதை போன் செய்தாள். சளி இருப்பதால் அதிகம் பேசவில்லை.

நேற்றுக் கிளம்பும்போது பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியிருந்த நேரங்களைக் குறித்து வந்திருந்தேன். இப்போது தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 10.42. 1.15. 3.50.

பட்டைதான். முடுக்கியதில் ரப்பர் நசுங்கியிருக்கும். பம்பின் அதிர்வு குழாயில் ஏறி, பட்டையில் இறங்கி, கூரை முழுவதையும் ஒரு மத்தளம்போல் ஆக்கிவிடுகிறது. இருபத்தேழு வருடம் எதையும் தொடாமல் நின்ற அறையைக் கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டியது நான்.

நாளைக் காலை சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

போனேன். சிறிய அறையின் பசை காய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். அது காயாத பசை. திரும்பிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கௌரி இல்லை. எங்கே என்று மஸ்தான் பாயிடம் கேட்டேன்.

“காது டாக்டராண்ட போயிருக்காங்க சார். யாருக்குமே கேக்கல, எனக்கு மட்டும் கேக்குது, காதே வீணாப்போச்சு போலன்னு நேத்து ஒரே அழுவை. இந்தத் தொழில்ல காது போச்சுன்னா அப்புறம் இன்னா இருக்குதுன்னாங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பட்டையை முடுக்கியவர் அவர். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். எழுத்தில் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

ஜூலை 9, புதன்

புதுச் சட்டையைத் தவிர்த்துப் பழையதைப் போட்டுக்கொண்டு போனேன். கௌரி பெரிய அறையில் மைக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

“எதிர்லதான நிக்கறீங்க? எதுக்கு சார் லெட்டர்?”

அதனால் வாயால் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டாமல்.

“உங்க காது நல்லாருக்கு. அந்தச் சத்தம் நெஜம். பம்பு ஓடற நேரமும் நீங்க எழுதிக் குடுத்த நேரமும் ஒண்ணு.”

அவர் துணியைக் கீழே வைத்தார்.

“மூணாவது ஸ்பிரிங்க்ளருக்கு நான் ஒரு பட்டை போட்டேன். மேல் தளத்துலேர்ந்து. அதுதான் தொடுது.”

“தொடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். நாந்தான் செவப்பு மையில எழுதினேன்.”

“தெரிஞ்சும் ஏன் சார் போட்டீங்க?”

“நீங்க வரிசை தப்பியிருக்குன்னு சொன்னீங்க.”

அந்த அறையில் யாரும் பேசாவிட்டால் நம் ரத்தம் ஓடுவது நமக்கே கேட்கும்.

“நான் சும்மா சொன்னேன்.”

“நீங்க சும்மா சொல்றது எது, நெஜமா சொல்றது எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன்.”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய். அந்த இரண்டு நாளும் ஆளில்லாத அறையில் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு சொன்னார், இனிமேல் எதையும் கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம், கூரையைத் தொடவே வேண்டாம். தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டால் பம்பு ஓடாது, சத்தமும் வராது. அதிகாரி வரும் அன்று மட்டும் திறந்து காட்டிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் அப்படித்தான் செய்கிறார்களாம்.

“கூடாது” என்றேன்.

“ரெக்கார்டிங் நேரம் மட்டும்தான.”

“அந்த நேரத்துலதான் உள்ள ஆள் இருப்பாங்க. நீங்க இருப்பீங்க. வால்வ மூட விட மாட்டேன், கௌரி.”

என் வாயிலிருந்து வந்ததுதான். நேரில் பெயர் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு கதவுகளையும் தாண்டிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார், கையை ஆட்டி. ஒரு எழுத்தும் கேட்கவில்லை. அறை நன்றாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினார். கூரையோர ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது: “வெள்ளிக்கிழம ரெக்கார்டிங் இல்ல. வந்து கழட்டுங்க. போம்போது ஏசிய அணைச்சிட்டுப் போங்க.”

ஜூலை 10, வியாழன்

ஒன்றும் இல்லை. சட்டைகளைத் துவைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆறு மணிக்கே போய்விட்டோம். குழாயில் தண்ணீரை வடித்து, பட்டையைக் கழற்றி, மூன்றாவது தெளிப்பானை அதன் பழைய சட்டத்துக்கே கொண்டுபோனோம். வரிசையிலிருந்து மறுபடி ஒரு விரற்கடை தள்ளிப்போயிற்று. கழற்றிய ரப்பரை மஸ்தான் பாய் என் கையில் வைத்தார். பப்படம் மாதிரி இருந்தது. “வெச்சிக்கங்க சார், ஞாபகத்துக்கு” என்றார். அவருக்கு என்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

பதினொரு மணிக்குத் தண்ணீர் நிரம்பியது. இனி கேட்டுப் பார்க்க வேண்டும். பெரிய அறையில் செல்போன் எடுக்காது. ஆகவே கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டோம். 11.20க்கு மஸ்தான் பாய் கீழே பம்பைக் கையால் ஓட்டுவார், இரண்டு நிமிடம். கௌரி உள்ளே போனார். நான் நடையில் நின்றேன்.

“நீங்களும் வாங்க” என்றார். அதுதான் புதனுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் சொல்.

எனக்கு எதுவும் கேட்காதே என்றேன்.

“கேக்க வேணாம். உக்காருங்க.”

இரண்டு நாற்காலிகள். கதவுகளை மூடினார். குளிர்சாதனத்தை அணைத்தார். 11.18. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கேட்கத் தெரியாதவனுக்கு அந்த முகம்தான் அளவுகோல். 11.20. கீழே பம்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் புருவம் சுருங்குகிறதா என்று பார்த்தேன். சுருங்கவில்லை. பிறகு லேசாகச் சுருங்கியது.

“ஒரு சத்தம் வருது” என்றார், கண்ணைத் திறக்காமல்.

நான் எழுந்துவிட்டேன். எந்தப் பக்கம், எந்தத் தெளிப்பான் என்று கேட்டேன்.

“விசில் மாதிரி. உள்ள இழுக்கும்போது ஒண்ணு, விடும்போது ஒண்ணு. சளி பிடிச்சிருக்கா உங்களுக்கு?”

பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

“அப்ப அது உங்க மூச்சு. குழாய்ல ஒண்ணும் இல்ல. உக்காருங்க, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு.”

உட்கார்ந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். “அடக்க வேணாம், விடுங்க. அது இருந்தாப் பரவால்ல” என்றார்.

இரண்டு நிமிடம் முடிந்தது. மூன்று, நான்கு. மஸ்தான் பாய் வந்து கதவைத் திறந்தபோது 11.41. பம்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் நடையில் நின்றாராம், யாரும் வரவில்லை என்று பயந்துவிட்டாராம்.

மூன்றாவதை வேறு வழியில் நேராக்க முடியுமா என்று யோசிக்கிறேன் என்று கௌரியிடம் சொன்னேன். “கைய வெச்சீங்கன்னா பாருங்க” என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

அதிகாரி வந்தார். எல்லா வரைபடங்களையும் பார்த்தார். கடைசிக் குழாயைத் திறந்து தண்ணீரை விடச் சொன்னார். நடையில் மணி அடித்தது, அறைக்குள் சிவப்பு விளக்கு மினுக்கியது, பெரிய பம்பு ஓடியது. வால்வு திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பதைத் தொட்டுப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். “சார் போட்டது” என்று கௌரி என்னைக் காட்டினார். சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மஸ்தான் பாய் சாமான்களைக் கட்டினார். நான் பராமரிப்புக் குறிப்பேட்டைக் கௌரியிடம் ஒப்படைத்தேன். பதினெட்டுப் பக்கம், கையால் எழுதியது. அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, வாரம் ஒருமுறை பம்பைச் சரிபார்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்களே, அதை யார் செய்வது என்று கேட்டார். சுலபமான வேலை, பத்து நிமிடம் போதும், மஸ்தான் பாய் வந்து பார்ப்பார் என்று விளக்க ஆரம்பித்தேன்.

“எனக்கு அந்தப் பக்கம் வேலை இல்லீங்க” என்று மஸ்தான் பாய் பைப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அவர் வீடு சாலிகிராமத்திலேயேதான் இருக்கிறது.

கௌரி குறிப்பேட்டை மூடினார். “எந்தக் கிழம வர்றீங்க?”

செவ்வாய் என்றேன்.

ஜூலை 16, புதன்

பம்பு சரியாக இருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் வரை நிச்சயம் இருக்கும். கணக்குப்படி.

ஜூலை 20, ஞாயிறு

பூங்கோதையிடம் வேலை முடிந்துவிட்டது என்றேன். அப்படியா, வருத்தமா இருக்காப்பா என்றாள். வாரம் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது, பராமரிப்புக்காக என்றேன். எந்தக் கிழமை என்று கேட்டாள், செவ்வாய் என்றேன். பிறகு, நாலைந்து சட்டை வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

வாராந்திரச் சோதனை. பம்பு சரி. அழுத்தம் சரி. காலை ஒன்பதுக்குப் போய் ஒன்றரைக்குத் திரும்பினேன். மதியச் சாப்பாட்டில் வாழைப்பூ வடை.

ஜூலை 29, செவ்வாய்

வாராந்திரச் சோதனை, பத்து நிமிடம். வீடு திரும்பியபோது தெருவிளக்குப் போட்டிருந்தார்கள்.